கீசகவதம் எடுக்கப்பட்ட இடத்தில் ஒரு கல்லாவது வேண்டாமா? – சென்னையின் தொடக்ககாலப் படப்பிடிப்பு இடங்கள்

பழஞ்சுருள் (இழையைத் தொடங்கியவர்)

தென்னிந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான 'கீசகவதம்' எங்கே எடுக்கப்பட்டது என்று கேட்டால், திரைத்துறையிலேயே வாழ்நாளைக் கழித்தவர்களில்கூடப் பலரால் சட்டென்று விடை சொல்ல முடிவதில்லை. புரசைவாக்கமும் கீழ்ப்பாக்கமும் சேரும் பகுதியில் உள்ள மில்லர்ஸ் சாலையில், 'இந்தியா ஃபிலிம் கம்பெனி' என்ற பெயரில் ஆர். நடராஜ முதலியார் அமைத்த படப்பிடிப்புக் கூடத்தில்தான் அந்தப் படம் உருவானது. இன்று அந்தச் சாலையில் நடப்பவருக்கு இதை உணர்த்தும் அடையாளம் எதுவும் கண்ணில் படுவதில்லை.

நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். மிதிவண்டி வணிகத்திலும், பிறகு மோட்டார் வண்டிகளும் உதிரி பாகங்களும் விற்கும் தொழிலிலும் இருந்தவர். தாதாசாகேப் பால்கேயின் படங்களைப் பார்த்து ஆர்வம் கொண்டு, புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கையாளக் கற்றுக்கொண்டார். வில்லியம்சன் நிறுவனத்தின் கேமரா ஒன்றையும், பிரதி எடுக்கும் கருவியையும் வாங்கி வந்து, பாரதத்தின் விராட பர்வத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்த ஒரு பகுதியைக் கதையாக எடுத்துக்கொண்டார். படத்தின் நீளம் ஏறத்தாழ 6,000 அடி. முப்பத்தைந்தாயிரம் ரூபாய் செலவில் எடுக்கப்பட்டு ஐம்பதாயிரம் வரை ஈட்டியதாகத் திரைப்பட வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தப் படத்தின் ஓர் அடிகூட இன்று நம்மிடம் இல்லை.

படம் அழிந்துபோனது பெரிய இழப்பு. அதை எடுத்த இடமும் நினைவிலிருந்து மறைந்தால் அந்த இழப்பு இரட்டிப்பாகும். சுருள் மக்கிவிட்டால் மீட்க வழியில்லை. இடத்தை அடையாளம் காணவும், அங்கே ஒரு கல்வெட்டு நடவும் இன்னும் வழி இருக்கிறது. ஆகவே, பேசாப் படக் காலத்திலும் பேசும் படத்தின் முதல் பத்தாண்டுகளிலும் சென்னையிலும் பிற தமிழ் ஊர்களிலும் படம் எடுக்கப்பட்ட இடங்களை உறுதியான தகவல்களோடு தொகுக்கலாம் என்று எண்ணுகிறேன். எதை முதலில் அடையாளப்படுத்த வேண்டும் என்பதில் உங்கள் கருத்துகளையும் அறிய விரும்புகிறேன்.

பழையபட்டணம்

நோக்கம் உயர்ந்தது, ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. கட்டடமே இல்லாத இடத்தில் கல் நடுவதற்கு முன்னால், நிற்கும் கட்டடங்களைக் காப்பாற்றுவது நம் கடமை. படம் எடுத்த கொட்டகைகள் தற்காலிகமானவை. அவற்றை அமைத்தவர்களே அவை நிலைக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். படம் காட்டிய அரங்குகள் அப்படியல்ல.

அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரிக் தியேட்டரை எண்ணிப் பாருங்கள். 1913-இல் வார்விக் மேஜர் என்பவர் திரைப்படம் காட்டுவதற்கென்றே எழுப்பிய அரங்கு அது. இரண்டே ஆண்டுகளில், 1915-இல், அஞ்சல் துறை அதை வாங்கிவிட்டது. இன்று தபால்தலைச் சேகரிப்பாளர்களுக்கான நிலையம் அங்கே இயங்குகிறது. அஞ்சல் துறை வாங்கியதால்தான் அது தப்பியது என்பதே என் எண்ணம். திரையரங்காகவே நீடித்திருந்தால், வணிக வளாகம் ஆகிப்போன எல்ஃபின்ஸ்டன் அரங்கின் கதிதான் அதற்கும் நேர்ந்திருக்கும். 'கீசகவதம்' திரையிடப்பட்டதே அந்த எல்ஃபின்ஸ்டனில்தான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்னால் விக்டோரியா பொதுக் கூடம் இருக்கிறது. ரகுபதி வெங்கையா 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குரோனோமெகாஃபோன் என்ற கருவியைத் தருவித்து, கிராமபோன் இசைத்தட்டின் ஒலியையும் திரையில் ஓடும் குறும்படத்தையும் இணைத்துக் காட்டியது அங்கேதான். பிறகு அவர் 1914-இல் கெயிட்டி அரங்கைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் திரையரங்கு என்ற பெருமை அதற்கு உண்டு. அதைத் தொடர்ந்து தங்கசாலையில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் என்று அவருடைய அரங்குகள் எழுந்தன. கெயிட்டி நம் கண் முன்னாலேயே இடிக்கப்பட்டது. அப்போது நம்மில் எத்தனை பேர் குரல் கொடுத்தோம்?

இருட்டறை

பழையபட்டணம் ஐயாவின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் படம் காட்டிய இடத்தையும் எடுத்த இடத்தையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. லேப் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இரண்டுக்கும் நடுவே மறக்கப்படும் மூன்றாவது இடத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அது படச்சுருள் கழுவப்பட்ட இடம்.

நடராஜ முதலியார் சென்னையில் படம் எடுத்தார்; ஆனால் அதைக் கழுவியது பெங்களூரில். காரணம் வெயில். படச்சுருளின் மேல் பூசப்பட்டிருப்பது வெள்ளி உப்புகள் கலந்த ஜெலட்டின் பூச்சு. அந்தப் பூச்சைக் கழுவும் கரைசல் சுமார் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். அதைவிடச் சூடு மிகுந்தால் ஜெலட்டின் ஊறிப் பருத்து, ஓரங்களில் சுருங்கி, சில வேளைகளில் செல்லுலாய்டு அடித்தளத்திலிருந்தே வழுக்கிக் கழன்றுவிடும். சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைத் தொடும் சென்னையில், குளிர்சாதனம் எதுவும் இல்லாத அந்தக் காலத்தில், தொட்டித் தண்ணீரை அந்த அளவுக்குக் குளிர்விப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதை எண்ணிப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் இயல்பான குளிர்ச்சியே பாதி வேலையைச் செய்துவிடும். எனவே அங்கே ஒரு லேபை அமைத்து, சென்னையில் பதிவான நெகட்டிவை ரயிலில் அனுப்பினார்.

அக்காலத்தில் உலகெங்கும் வழக்கத்தில் இருந்த முறை, மரச்சட்டத்தில் சுருளைச் சுற்றித் தொட்டிக்குள் இறக்குவது. ஒரு சட்டத்தில் ஏறத்தாழ 200 அடி சுற்றலாம். 6,000 அடிப் படத்தின் ஒரே ஒரு பிரதிக்கு முப்பது சட்டங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் கரைசலில் இறக்கி, கழுவி, நிலைப்படுத்தி, மீண்டும் கழுவி, உலர்த்தும் உருளையில் சுற்ற வேண்டும். அந்தக் காலத்து நெகட்டிவ் சிவப்பு ஒளியை உணராத வகையைச் சேர்ந்தது. எனவே சிவப்பு விளக்கின் கீழே நின்று, உருவம் எழும்பி வருவதைக் கண்ணாலேயே பார்த்து, போதும் என்று தோன்றும் நொடியில் சட்டத்தைத் தூக்குவார்கள். படத்தின் தரம் அப்படித் தூக்கியவரின் கண்ணில் இருந்தது. மில்லர்ஸ் சாலைக்குக் கல்வெட்டு வைக்கும்போது, பெங்களூரில் நடந்த பாதி வேலையையும் அதில் குறிப்பிடாவிட்டால் அது முழுமையான வரலாறு ஆகாது.

நாஞ்சில்கரை

ஐயா, 6,000 அடி என்றால் எவ்வளவு நேரம் ஓடும்?

இருட்டறை

35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். பேசாப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றுவார்கள். நொடிக்கு 16 படங்கள் என்பது பொதுவான வேகம். அப்படியானால் நொடிக்கு ஓர் அடி வீதம் 6,000 நொடி, அதாவது 100 நிமிடங்கள். பேசும் படத்தின் வேகமான நொடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் பார்த்தால் 67 நிமிடங்கள்தான் வரும். கையால் சுற்றியதாலும், காட்டுபவர் தம் விருப்பப்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்ததாலும், ஒரே படம் இரண்டு கொட்டகைகளில் இரண்டு வித நேரம் ஓடியிருக்கும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அது முழுநீளப் படம்தான். அதில் ஐயம் இல்லை.

பழஞ்சுருள்

இருட்டறை ஐயாவுக்கு மிக்க நன்றி. மில்லர்ஸ் சாலைக் கூடத்தைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே மின்விளக்கு ஒளியில் படப்பிடிப்பு நடக்கவில்லை. அரங்க அமைப்பின் மேல் மெல்லிய வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, அதன் வழியாக இறங்கும் பகல் வெளிச்சத்தில் படம் பிடித்தார்கள். நேர்வெயில் விழுந்தால் முகத்தில் கண்குழியும் மூக்கும் கருநிழலாகிவிடும் என்பதால் ஒளியை வடிகட்ட அந்தத் துணி. ஆக, 'ஸ்டுடியோ' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழும் உயர்ந்த சுவர்களையும் பெரிய கதவுகளையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த இடத்தை எண்ண வேண்டும். திறந்த வெளி, மேடை, திரைச்சீலை, வெள்ளைத் துணி, மூன்று கால் தாங்கியில் கேமரா: இவ்வளவுதான். நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் கதையமைப்பில் ஆலோசனை சொன்னார். வழக்கறிஞரும் நாடகக் கலைஞருமான ரங்கவடிவேலு எழுத்தில் துணை நின்றார். நாடக மேடையிலிருந்து திரைக்குக் கதை கைமாறிய இடமும் அதுதான்.

1923-ஐ ஒட்டி அந்தக் கூடம் தீக்கு இரையானது. அதே காலத்தில் நடராஜ முதலியார் தம் மகனையும் இழந்தார். அதன் பிறகு அவர் படமே எடுக்கவில்லை. அக்காலச் சுருள்கள் நைட்ரேட் அடித்தளம் கொண்டவை, தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியக்கூடியவை என்பதை நினைவில் கொண்டால், தென்னிந்தியப் பேசாப் படங்கள் ஏன் நமக்கு மிஞ்சவில்லை என்பதற்கான காரணங்களில் ஒன்று விளங்கும். மற்றொன்று, ஓடி முடிந்த பிரதிகளை அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கியது.

பழையபட்டணம்

கட்டடத்தின் மீது எனக்குள்ள பிடிப்பு குறையவில்லை என்றாலும், வெள்ளைத் துணியைப் பற்றிய செய்தி என்னைச் சிந்திக்க வைத்துவிட்டது. புரசைவாக்கத்திலேயே வெங்கையாவும் அவர் மகன் ஆர். பிரகாஷும் 1921-இல் 'ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட்' நிறுவனத்தைத் தொடங்கிக் கண்ணாடிக் கூரையுடன் கூடிய கூடத்தை அமைத்தார்கள். 'பீஷ்ம பிரதிக்ஞை' அவர்களுடைய முதல் படம். பிரகாஷ் லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்; கண்ணாடிக் கூரை என்ற யோசனை மேலை நாட்டு ஸ்டுடியோக்களில் அவர் பார்த்ததாக இருக்க வேண்டும். துணியிலிருந்து கண்ணாடிக்கு நகர்ந்த அந்த நான்கைந்து ஆண்டுகளின் வரலாறு புரசைவாக்கம் என்ற ஒரே வட்டாரத்துக்குள் அடங்கியிருக்கிறது. வட்டாரத்துக்கே ஒரு வழிகாட்டிப் பலகை வைக்கலாம் அல்லவா?

ஒரு கேள்வி. கல்லில் எந்த ஆண்டைப் பொறிப்பது? 1916 என்று எழுதுவோர் உண்டு. 1917 என்போரும் 1918 என்போரும் உண்டு. ஆண்டே உறுதிப்படாமல் கல்லில் வெட்டுவது முறையாகாது.

ஆவணக்காப்பு

ஆண்டுக் குழப்பத்துக்குத் தெளிவான காரணம் இருக்கிறது. இந்தியத் திரைப்படச் சட்டம் 1918-இல் இயற்றப்பட்டது. அதன்படி சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரங்கூனிலும் தணிக்கைக் குழுக்கள் 1920-இல்தான் செயல்படத் தொடங்கின. அதற்குப் பின்னர் வந்த படத்துக்குச் சான்றிதழ் உண்டு, தேதி உண்டு, அடிக்கணக்கு உண்டு. அரசிதழிலும் பதிவு இருக்கும். 'கீசகவதம்' இவை அனைத்துக்கும் முந்தியது. ஆகவே அதன் காலத்தை அறிய நாளிதழ் விளம்பரங்களையும், பல ஆண்டுகள் கழித்து நடராஜ முதலியார் அளித்த நேர்காணல்களையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. படம் எடுக்கத் தொடங்கிய ஆண்டு, முடித்த ஆண்டு, வெளியிட்ட ஆண்டு என்ற மூன்றையும் எழுதுபவர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் உண்டு. இன்றைய ஆய்வாளர்களில் பலர் 1917–18 என்று இணைத்து எழுதுகிறார்கள். கல்வெட்டிலும் அப்படியே பொறிப்பதுதான் நேர்மை.

தேடுபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1927–28-இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இயங்கிய திரைப்பட விசாரணைக் குழு, நாடெங்கும் சாட்சியங்களைக் கேட்டு அவற்றைக் கேள்வி பதிலாகவே அச்சிட்டது. சென்னையில் சாட்சியம் அளித்தவர்களின் தொகுதியைப் பொறுமையாகப் படித்தால், அரங்குகளின் நிலை, நுழைவுக் கட்டணம், படங்களின் வரத்து என்று அன்றைய தொழிலின் முழு உருவமும் கிடைக்கும். இடத்தைத் துல்லியமாக உறுதி செய்ய மாநகராட்சியின் பழைய சொத்துவரிப் பதிவேடுகளையும் நில அளவை வரைபடங்களையும் இணைத்துப் பார்க்க வேண்டும். வாய்மொழியை மட்டும் நம்பி ஏதோ ஒரு கதவின் முன்னால் கல் நடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஒலிக்கூடம்

பேசாப் படத்தோடு நின்றுவிட வேண்டாம். முதல் பேசும் படங்களின் இடங்களை எடுத்துக்கொண்டால் இன்னும் சுவையான சிக்கல் வருகிறது: தமிழ்ப் பேசும் படத்தின் பிறப்பிடம் தமிழ்நாட்டிலேயே இல்லை.

எச்.எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' பம்பாயில், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்தில், இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வுக்காகப் போட்ட அரங்குகளிலேயே எடுக்கப்பட்டது. அந்த ஸ்டுடியோவின் பக்கத்தில் ரயில் பாதை இருந்ததால், வண்டிகள் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பிறகுதான் 'ஆலம் ஆரா'வை ஒலிப்பதிவு செய்தார்கள் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியானது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, உடன் நடித்தவர்கள் தெலுங்கிலும் பேசினார்கள். கதைக்குத் தொடர்பே இல்லாமல் காந்தியின் இராட்டினத்தைப் போற்றும் மதுரகவி பாஸ்கரதாஸின் பாடலையும் அவர் அதில் பாடினார். அரங்கில் இருந்தவர்கள் தம் மொழியைத் திரையிலிருந்து கேட்ட முதல் நாள் அது! பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறிய அந்த அரங்கும் இப்போது இல்லை; படமும் இல்லை.

அதன் பின் மூன்று ஆண்டுகள், தமிழ்ப் படம் எடுக்க வேண்டும் என்றால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ கோலாப்பூருக்கோ நடிகர்களையும் பக்கவாத்தியக்காரர்களையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏற வேண்டும். 1934-இல் அந்த நிலையை மாற்றியவர் ஏ. நாராயணன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அவர் நிறுவிய சீனிவாசா சினிடோன்தான் சென்னையின் முதல் பேசும் பட ஸ்டுடியோ. 'சீனிவாச கல்யாணம்' அங்கே எடுக்கப்பட்ட முதல் படம். அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். ஒலிப்பதிவுத் துறையில் இன்று நுழையும் பெண்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? நான் ஒரே ஒரு கல்வெட்டுதான் கேட்கலாம் என்றால், மில்லர்ஸ் சாலைக்கு அல்ல, அந்த இடத்துக்கும் அந்தப் பெயருக்கும்தான் கேட்பேன்.

அதே ஆண்டில் அடையாற்றில் மீனாட்சி சினிடோனில் கே. சுப்ரமணியம் இயக்கிய 'பவளக்கொடி' எடுக்கப்பட்டது. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் அறிமுகமான படம், ஐம்பது பாடல்கள். அங்கேயும் படப்பிடிப்பு சூரிய ஒளியில்தான். பேசாப் படத்துக்குத் திறந்த வெளி வசதி. பேசும் படத்துக்கு அதுவே வினை. ஆட்கள் சாப்பிட்டு எறிந்த சோற்றைத் தேடிக் காகங்கள் கூடும். பாகவதர் பாடத் தொடங்கினால் அவையும் கரையும். அன்று பாட்டைத் தனியாகப் பதிந்து பின்னால் சேர்க்கும் வழக்கம் இல்லை. நடிகர் கேமராவின் முன்னால் பாடுவதுதான் படத்தில் வரும். பக்கவாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே மறைந்து அமர்ந்து வாசிப்பார்கள். பாட்டின் நடுவில் ஒரு காகம் கரைந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து பாட வேண்டியதுதான். வீணான சுருளுக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும். எனவே காகங்களை விரட்டத் துப்பாக்கியுடன் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். மேகம் வந்தால் வெளிச்சம் போய்விடும், வெயில் வந்தால் காகம் வந்துவிடும் என்ற நிலையில் ஐம்பது பாடல்களைப் பதிந்தவர்களை எண்ணினால் எனக்கு வியப்பும் மரியாதையும் மிகுகிறது.

அந்த இடம் பிறகு நெப்டியூன் ஸ்டுடியோ ஆகி, சத்யா ஸ்டுடியோ ஆகி, இன்று டாக்டர் எம்.ஜி.ஆர்.–ஜானகி மகளிர் கல்லூரியாக விளங்குகிறது.

கொங்குநாட்டான்

சென்னையிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் எங்கள் ஊர் விட்டுப்போகும். கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905-இல் ஊர் திரும்பவிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில சுருள்களையும் வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டத் தொடங்கினார். 1914-இல் அவர் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால்தான் நிலையான அரங்குகளுக்கு எங்கள் பக்கத்தில் வழிகாட்டியது. அந்தச் சாலை இன்றும் வெரைட்டி ஹால் சாலை என்றே வழங்குகிறது. அரசோ மாநகராட்சியோ நினைவுச்சின்னம் எழுப்பும் வரை காத்திராமல், மக்களே நூறு ஆண்டுகளாகக் காத்து வரும் பெயர் அது. பின்னர் 1930-களின் நடுவில் சென்ட்ரல் ஸ்டுடியோ தோன்றியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்த இடத்தில், ஏற்காடு சாலையில், முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்த வளாகத்தில் மிஞ்சியது ஒரு வளைவுதான் என்றாலும், அந்த ஒன்று இருப்பதால் அவ்வழியே போகும் சிறுவர்கள்கூட அது என்ன என்று கேட்கிறார்கள். கல்வெட்டு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நாஞ்சில்கரை

எங்கள் மாவட்டத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி. டேனியல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ அமைத்து, அந்தப் படத்தைத் தயாரித்து இயக்கி அதில் நடித்தவரும் அவரே. பி.கே. ரோசி என்ற தலித் பெண் நாயர் குலப் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காமல் படம் வெளியானபோது வன்முறையில் இறங்கினார்கள். ரோசி ஊரை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. டேனியல் சொத்தை இழந்து, பல் மருத்துவராகத் தொழில் செய்து, 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். கேரள அரசு 1992 முதல் அவர் பெயரில் விருது வழங்குகிறது. அவர் பிறந்ததும் மறைந்ததும் நம் எல்லைக்குள்தான் என்பது இங்கே உள்ள பலருக்குத் தெரியாது. ரோசியின் பெயரைச் சொல்லாமல் அந்தப் படத்துக்கு எங்கே கல் வைத்தாலும் அதை நான் ஏற்க மாட்டேன்.

அழிவைப் பற்றியே பேசுகிறோம். மிஞ்சிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டேனியலின் உறவினரான நாகர்கோவில் சுந்தர்ராஜ் 1930-களின் தொடக்கத்தில் சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவி 'மார்த்தாண்ட வர்மா' என்ற பேசாப் படத்தைத் தயாரித்தார். நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். படம் ஓட வழியில்லாமல் அவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது. தயாரித்தவருக்கு அது பேரிழப்பு. ஆனால் அந்தப் பதிப்பகத்தில் முடங்கிக் கிடந்ததால்தான் அது உருக்கப்படாமல் தப்பி, 1970-களில் கண்டெடுக்கப்பட்டு, புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. தென்னிந்தியப் பேசாப் படம் எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் அதைத்தான் நாட வேண்டும்.

பழையபட்டணம்

ஜெமினியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கே. சுப்ரமணியத்தின் பொறுப்பில் இருந்த மோஷன் பிக்சர் புரொட்யூசர்ஸ் கம்பைன் ஸ்டுடியோ தீ விபத்துக்குள்ளாகி ஏலத்துக்கு வர, 1941-ஐ ஒட்டி எஸ்.எஸ். வாசன் அதை எடுத்து ஜெமினி ஆக்கினார். இன்று அங்கே நட்சத்திர விடுதி நிற்கிறது. மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயர் சூட்டி ஐம்பது ஆண்டுகள் ஆன பிறகும் பேருந்தில் 'ஜெமினி' என்றுதான் சீட்டுக் கேட்கிறார்கள்.

பழஞ்சுருள்

ஆவணக்காப்பு ஐயா சொன்ன எச்சரிக்கையை ஏற்று, கதவு எண் உறுதிப்படும் வரை எந்தக் கட்டடத்தின் முன்னாலும் கல் நடக் கோர வேண்டாம் என்று முன்மொழிகிறேன். அதற்குப் பதில், பழையபட்டணம் ஐயா சொன்னது போல, புரசைவாக்கம் வட்டாரத்துக்குப் பொதுவான பலகை ஒன்றை மில்லர்ஸ் சாலைத் தொடக்கத்தில் வைக்கக் கேட்கலாம். ஒலிக்கூடம் ஐயாவின் வேண்டுகோளை அதில் அடக்க முடியாது. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கும் மீனாட்சி அம்மையாருக்கும் தனி விண்ணப்பம் எழுத வேண்டும். முதல் பலகைக்கான வாசகம் இவ்வாறு இருக்கலாம்:

"தென்னிந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான 'கீசகவதம்' 1917–18-இல் இச்சாலையில் இயங்கிய இந்தியா ஃபிலிம் கம்பெனியில் ஆர். நடராஜ முதலியாரால் எடுக்கப்பட்டது. பகல் வெளிச்சத்தில் இங்கே பதிவான படச்சுருள் பெங்களூரில் கழுவப்பட்டது. படத்தின் பிரதி எதுவும் இன்று இல்லை. 1921-இல் ரகுபதி வெங்கையாவும் ஆர். பிரகாஷும் நிறுவிய ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட் கூடமும் இவ்வட்டாரத்தில் இயங்கியது."

இருட்டறை

வாசகம் நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். எடுத்தவர் பெயர் இருக்கிறது. நடித்தவர் பெயர் இல்லை. கீசகனாக ராஜு முதலியாரும் திரௌபதியாக ஜீவரத்தினமும் நடித்தார்கள். படம் என்றால் பெண்கள் முன்வரத் தயங்கிய காலத்தில் கேமராவின் முன்னால் நின்ற ஜீவரத்தினத்தின் முகத்தை நாம் இனி ஒருபோதும் பார்க்கப் போவதில்லை. பெயரையாவது இரண்டாவது வரியிலேயே பொறிக்கச் சொல்லுங்கள். பெங்களூரில் லேபைக் கவனித்துக்கொண்ட நாராயணசாமி ஆச்சாரியின் பெயரையும், இடம் இருந்தால், அடுத்த வரியில் சேர்க்கலாம்.

ஆவணக்காப்பு

இரண்டு பெயர்களும் மூன்றாவதும் ஏற்கத்தக்கவையே. விண்ணப்பத்தோடு இணைக்க நாளிதழ் விளம்பரங்களின் நகல்களை நான் தேடித் தருகிறேன். சொத்துவரிப் பதிவேட்டைப் பார்க்கச் சென்னையில் இருப்பவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

பழையபட்டணம்

பதிவேட்டை நான் பார்க்கிறேன்.